ஜன்னல் ஏசியின் பின்பக்கம்

விண்டோ ஏசியோடு வரும் கையேடுகள் வீட்டுக்காரருக்கு ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் சொல்கின்றன: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முன்மூடியைத் திறந்து ஃபில்டரை உருவி, குழாய்த் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மறுபடி மாட்ட வேண்டும். மற்றதெல்லாம் மெக்கானிக்கின் பாடு. ஆண்டுக்கு ஒரு சர்வீஸ், அதுவும் கோடை தொடங்குமுன் செய்துவிட்டால் போதும் என்பது பரவலான வழக்கம். அறைக்குள் தெரியும் முன்பாதி வீட்டுக்கு, தெருப்பக்கம் துருத்தி நிற்கும் பின்பாதி தொழில் தெரிந்தவருக்கு என்று ஓர் எல்லை இப்படிப் போடப்பட்டிருக்கிறது. வடசென்னை ஆலைகளுக்கு நடுவே இருக்கும் மணலி புதுநகர் போன்ற ஊரில் இந்த எல்லை தவறான இடத்தில் விழுந்திருக்கிறது என்பது என் வாதம். இங்கே ஏசி பின்பக்கத்திலிருந்துதான் கெடுகிறது. அது ஏன் என்று கேட்டால், இயந்திரத்தின் வரலாற்றையும் ஊரின் வரலாற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் பெட்டியைப் பார்த்துவிடலாம். நடுவில் ஒரு தடுப்பு. அறைப்பக்கம் கூலிங் காயில், தெருப்பக்கம் கண்டென்சர் காயில். இரண்டும் தாமிரக் குழாயில் மெல்லிய அலுமினியத் தகடுகளை நெருக்கமாகக் கோத்தவை. இருபுறமும் தண்டு நீண்ட ஒரே மோட்டார், முன்னே புளோயரையும் பின்னே இறக்கை விசிறியையும் சேர்த்துச் சுழற்றுகிறது. அறையிலிருந்து எடுத்த வெப்பத்தோடு, கம்ப்ரஸர் இழுக்கும் மின்சாரத்தின் வெப்பத்தையும் கண்டென்சர் வெளியே தள்ளியாக வேண்டும். தள்ள முடியாவிட்டால் குழாய்க்குள் அழுத்தம் ஏறும், மின்னோட்டம் ஏறும், கம்ப்ரஸர் சூடேறி நின்று நின்று ஓடும், முடிவில் அதன் சுருள் கருகும். முன்ஃபில்டர் அடைத்தால் குளிர் குறைவது, காயிலில் பனி கட்டுவது, அறைக்குள் தண்ணீர் சொட்டுவது என்று வீட்டுக்காரருக்கு உடனே சேதி வந்துவிடும். பின்னால் அடைத்தால் மாதக்கணக்கில் எந்தச் சேதியும் வராது. மின்கட்டணம் மெல்ல ஏறும், அவ்வளவுதான். அதை வெயிலின் மேல் போட்டுவிடுவது எளிது.

மின்சாரம் வருவதற்கு முன்பும் குளிர்ச்சிக்கு ஒரு பின்பக்கம் இருந்தது. கம்பெனி காலத்துச் சென்னையில் துரைமார் வீட்டுக் கூடத்தில் பங்கா ஆடியதென்றால், அதன் கயிறு சுவர்த் துளை வழியாகப் போய்த் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கூலியாளின் கையில் முடிந்தது. வெட்டிவேர்த் தட்டி மணக்க வேண்டுமானால் வெயிலில் நின்று யாராவது அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாஸ்டன் நகர வணிகர் ஃபிரெடரிக் டியூடர் 1833 முதல் இந்தியாவுக்குக் கப்பலில் அனுப்பிய ஐஸ், மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் ரம்பத்தால் அறுத்தெடுக்கப்பட்டது. அதைச் சேமிக்க 1842இல் மெரினாவில் எழுந்த ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். இந்த ஐஸ் இங்கே வந்தபோது சென்னையின் காற்றில் வெப்பம் எதையும் கூட்டவில்லை. குளிரை உண்டாக்கிய வேலை கடலுக்கு அப்பால், பனியாலேயே முடிந்திருந்தது. 1874இல் இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி நீராவி எந்திரத்தைக் கொண்டு இந்த ஊரிலேயே ஐஸ் செய்யத் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. குளிர் இங்கே பிறந்தது என்றால் அதன் சூடும் புகையும் இங்கேயே பிறந்தன. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை நம்பி ஓடும் ஐஸ் கம்பெனிகளும் ஒவ்வொரு வீட்டு ஏசியும் அந்த மாற்றத்துக்குப் பின் வந்த வாரிசுகள். குளிரை உண்டாக்குகிற இடமும் அதன் கழிவு வெப்பத்தைக் கொட்டுகிற இடமும் ஒன்றாகிவிட்டன. விண்டோ ஏசியில் அந்த இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரு தகரத் தடுப்பு.

ஏசி பிறந்ததும் வீட்டில் அல்ல. 1902இல் நியூயார்க்கின் புருக்லினில் ஓர் அச்சகத்தில், கோடை ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் பிசகியதைத் தடுக்க வில்லிஸ் கேரியர் வடிவமைத்த அமைப்பிலிருந்துதான் இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். அங்கே குளிர்ச்சி மனிதருக்கு அல்ல, காகிதத்துக்கு. ஜன்னல் விளிம்பில் வைக்கும் அறைக்கருவியை ஷுல்ட்ஸ், ஷெர்மன் என்ற இருவர் 1931இல் கண்டுபிடித்தார்கள். விலை செல்வந்தர்களுக்கே எட்டியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஐம்பதுகளில், அமெரிக்க நடுத்தர வீடுகளின் ஜன்னல்களில் அது சாதாரணமாயிற்று. அந்த வீடுகளின் நிலையை நினைவில் வைத்துத்தான் பராமரிப்பு வழக்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கோடையில் சில மாதமே ஓட்டம். குளிர்காலத்தில் உறை போட்டு மூடுவார்கள், அல்லது கழற்றியே வைத்துவிடுவார்கள். சுற்றிலும் புல்வெளி, உள்ளே கம்பளத்தின் நூல்தூசி. இத்தகைய வீட்டில் முன்ஃபில்டரை அலசுவதே பராமரிப்பின் பெரும்பகுதி என்பது நியாயமான முடிவுதான். கருவி இந்தியாவுக்கு வந்தபோது அந்த முடிவும் பெட்டிக்குள்ளேயே மடித்து வந்து சேர்ந்தது.

ஆனால் இந்தியாவில் இந்தத் தொழிலின் தொடக்கம் பழுது பார்ப்பதில் இருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1934இல் ஃபிரான்டியர் மெயில் ரயிலில் குளிரூட்டிய பெட்டி ஓடியபோது அதன் அடியில் இருந்தவை ஐஸ் கட்டிகள். 1943இல் மோகன் டி. அத்வானி தொடங்கிய புளூ ஸ்டார், பழைய ஏசிகளையும் குளிர்சாதனப் பெட்டிகளையும் புதுப்பித்துத் தரும் சிறு நிறுவனமாகத்தான் பிறந்தது. டாடாவும் சுவிட்சர்லாந்தின் வோல்கார்ட் சகோதரர்களும் சேர்ந்து வோல்டாஸை 1954இல் அமைத்தார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் அரசு ஏசியை ஆடம்பரப் பொருளாகவே எண்ணிக் கடுமையாக வரி விதித்தது. ஜிஎஸ்டி வந்த 2017இலும் அது 28 சதவீத உச்ச வரம்பில்தான் வைக்கப்பட்டது. 18 சதவீதமாக இறங்கியது 2025 செப்டம்பரில். விலை எட்டாத பொருளை யாரும் தூக்கி எறிவதில்லை. வங்கியும் அலுவலகமும் கழித்துக் கட்டிய விண்டோ ஏசிகள் பழைய பொருள் வியாபாரிகள் வழியாகச் சிறு கடைகளுக்கும் வீடுகளுக்கும் வந்தன. மோட்டாருக்குச் சுருள் மறுபடி சுற்றினார்கள். உற்பத்தியாளர் திறக்கவே கூடாதென்று சீல் வைத்த கம்ப்ரஸரையும் வெட்டித் திறந்து, உள்ளே பழுது பார்த்து, மறுபடி பற்றவைத்து ஓட்டினார்கள். கையேடு போட்ட எல்லைக்குள் நிற்காத கைகள் இந்தத் தொழிலில் எப்போதும் இருந்திருக்கின்றன. இந்த மரபை ஏழ்மையின் சமாளிப்பு என்று ஒதுக்குவது தவறு. இயந்திரத்தை முழுதாக அறிந்த ஓர் அறிவு அதில் இருக்கிறது, அதுவும் பின்பக்கத்தை அறிந்த அறிவு.

இனி ஊர். இந்திய அரசும் அமெரிக்காவின் அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் கூட்டாக 1965இல் அமைத்த மெட்ராஸ் ரிஃபைனரீஸ், மணலியில் ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையை 1969இல் ஓட்டத் தொடங்கியது. இன்று அதன் பெயர் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன். பக்கத்தில் 1971இல் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் அமோனியாவும் யூரியாவும் தயாரிக்கத் தொடங்கியது. எழுபதுகளிலேயே ஸ்ரீராம் ஃபைபர்ஸ் டயருக்கான நைலான் நூல் ஆலையை மணலியில் நிறுவியது. நைலான் இழை உருகி இறங்கும் இடத்தில் காற்றின் வெப்பமும் ஈரமும் அளவோடு இருக்க வேண்டும். புருக்லின் காகிதத்துக்குக் கிடைத்த மரியாதை மணலியில் நூலுக்குக் கிடைத்தது. அதே நிறுவனம் பின்னாளில் ராஜஸ்தானில் ஏசிகளுக்கான குளிரூட்டும் வாயுவையும் தயாரிக்கும் நிறுவனமாக வளர்ந்தது. கிழக்கே எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இலிருந்து 2017 வரை நிலக்கரி எரித்தது. வடகிழக்கே வடசென்னை அனல்மின் நிலையம் தொண்ணூறுகளின் நடுவில் ஓடத் தொடங்கி இன்றும் ஓடுகிறது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. இவற்றுக்கு நடுவே, மறைமலை நகரைப் போலவே, பெருநகர் வளர்ச்சிக் குழுமம் மனை பிரித்து உண்டாக்கிய ஊர்தான் மணலி புதுநகர். வேலைக்குப் பக்கத்திலேயே வீடு என்பது அன்றைய திட்டமிடலின் நோக்கம். வேலைக்குப் பக்கத்திலிருக்கும் வீடு புகைபோக்கிக்கும் பக்கத்தில்தான் இருக்கும் என்பது வரைபடத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

காற்றின் திசை இதை இன்னும் கூர்மையாக்குகிறது. புதுநகர் ஆலைகளுக்கு வடக்கே இருக்கிறது. மார்ச் முதல் ஜூன் வரை, ஏசி மிக அதிகமாக ஓடும் மாதங்களில், தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசும் காற்று மணலியைக் கடந்துதான் இங்கே வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பினால் அனல்மின் நிலையப் பக்கத்துக் காற்று. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது மணலி 76.32 புள்ளிகளோடு கடுமையாக மாசடைந்த பகுதிகளின் பட்டியலில் இடம்பெற்றது. காற்று, நீர், நிலம் மூன்றையும் சேர்த்த கணக்கு அது. ராயபுரத்துக் கதை தனி. சென்னைத் துறைமுகத்தில் கையாண்ட நிலக்கரியின் கருந்தூள் அங்கே வீடுகளில் படிந்துவந்தது; உயர்நீதிமன்றத் தீர்ப்பால் 2011இல் நிலக்கரியும் இரும்புத் தாதும் எண்ணூருக்கு மாறின. ராயபுரத்துக்கு அது நல்ல தீர்ப்பு. வடக்கே இருந்தவர்களுக்கு அந்தத் தூசி முகவரி மாற்றிக்கொண்டு வந்ததே தவிர, ஒழியவில்லை.

இந்தக் காற்று கண்டென்சரை என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். கடல் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் மின்கடத்தும் கரைசல் ஆகிறது; தாமிரமும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் அது பட்டால் அலுமினியம் தன்னைக் கொடுத்துக் கரைகிறது. தகடுகள் வெண்பொடியாக உதிர்வது அதனால்தான். கந்தக டையாக்சைடு அந்த ஈரத்தை அமிலமாக்குகிறது. ஹைட்ரஜன் சல்பைடு தாமிரத்தைக் கருக்குகிறது. அமோனியாவுக்கும் தாமிர உலோகங்களுக்கும் உள்ள பகையோ இந்திய மண்ணிலேயே வெளிப்பட்ட கதை. பிரிட்டிஷ் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்தபோது காரணம் தெரியாமல் விரிசல் விட்டு வெடித்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாதான் காரணம் என்று 1921இல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். ஏசியில் இருப்பது பித்தளை அல்ல, ஏறக்குறைய தூய தாமிரம். அது அப்படி வெடிக்காது, மிகப் பொறுமையாகத்தான் அரிக்கும். ஆனாலும் அமோனியா ஆலை அருகிருக்கும் ஊரில், 2023 டிசம்பர் இறுதியில் எண்ணூர்க் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அமோனியா மக்களை நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடவைத்த ஊர்ப்புறத்தில், இதைப் புத்தகச் செய்தியாக மட்டும் விட்டுவிட முடியாது. கடைசியாகச் சாம்பல். நிலக்கரிச் சாம்பல் என்பது பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும் கலந்த நுண்ணிய கண்ணாடி உருண்டைகள். உலர்ந்த இடத்தில் பறந்துவிடும். ஈரமான இடத்தில் ஒட்டும்.

விண்டோ ஏசியின் பின்பக்கமோ எப்போதும் ஈரமாக இருக்கும்படியே செய்யப்பட்டது. இந்த வாதத்தின் மையம் இதுதான், அதனால் சற்று நின்று பார்க்க வேண்டும். கூலிங் காயிலில் கோத்த நீர் பெட்டியின் அடித்தட்டு வழியாகப் பின்னால் ஓடி வரும். பின்விசிறியின் இறக்கைகளைச் சுற்றியுள்ள வளையம் அந்த நீரை அள்ளிக் கண்டென்சர் மேல் தெளிக்கும். வீணாகும் குளிர்ந்த நீரால் சூடான காயிலை ஆற்றுவது அருமையான சிக்கனம். சுத்தமான காற்றுள்ள ஊரில் அதைவிட நல்ல யோசனை இல்லை. புதுநகரில் அதே நீர் அடித்தட்டில் விழுந்த உப்பையும் சாம்பலையும் கரியையும் குழப்பிக் காயில் மேல் அடிக்கிறது, காயிலின் சூடு அதை உலர்த்துகிறது, மறுபடி அடிக்கிறது. மாதக்கணக்கில் இப்படி நடந்தால் தகடுகளுக்கு இடையே பூச்சு இறுகிவிடும். இன்னொன்று: விசிறி வெளிக்காற்றைப் பக்கவாட்டுத் துளைகள் வழியாக இழுத்து, உள்ளிருந்து வெளியே காயில் வழியாகத் தள்ளுகிறது. அதனால் அழுக்கு படிவது காயிலின் உள்முகத்தில். தெருவில் நின்று பார்ப்பவருக்குப் பின்பக்கம் சுத்தமாகத்தான் தெரியும். பெட்டியை வெளியே இழுக்காமல் பின்னாலிருந்து ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துவிட்டுப் போகும் அவசர சர்வீஸ், அழுக்கை உள்ளே உதிர்த்து அதே அடித்தட்டில் சேர்க்கிறது. மறுநாள் வளையம் அதை மறுபடி அள்ளும்.

இதற்கு ஒரு நல்ல மறுப்பு உண்டு. உப்புக்காற்று சென்னைக் கடற்கரை முழுவதும் வீசுகிறது; பெசன்ட் நகரிலும் காயில் அரிக்கிறது; ஆலைகளை ஏன் குற்றம் சொல்ல வேண்டும்? மறுப்பில் பாதி சரி. வெண்பொடி உப்பின் வேலைதான். தாமிரத்தில் பூக்கும் பச்சையும் உப்பாலேயே வரக்கூடும். கருமைக்கும் ஆலைதான் காரணம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. கழிவுநீர் தேங்கிய பக்கிங்காம் கால்வாயும் ஹைட்ரஜன் சல்பைடை விடுகிறது. ஆனால் உப்பும் கந்தகமும் சேர்ந்தால் தனித்தனியே செய்வதைவிட அதிகம் அரிக்கும் என்பது உலோகவியல் நெடுநாளாக அறிந்தது. இன்னும் வலுவான சான்றை ஆலைத் துறையே எழுதி வைத்திருக்கிறது. சுத்திகரிப்பு ஆலை போன்ற இடங்களின் கட்டுப்பாட்டு அறைகளில் மின்னணுக் கருவிகள் அரிபடுவதைக் கண்டு, அமெரிக்கக் கருவியியல் சங்கம் 1985இல் ஒரு தரநிலை வெளியிட்டது. சுத்தமான தாமிரத் தகடு ஒன்றை அந்த அறையில் 30 நாள் தொங்கவிட வேண்டும். அதில் படியும் அரிப்புப் படலம் 300 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழ் இருந்தால் ஜி-1, கருவிகளுக்குக் கவலையில்லை. 1,000க்குள் ஜி-2, 2,000க்குள் ஜி-3, தாக்குதல் நடக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மேல் போனால் சிறப்புப் பாதுகாப்போடு செய்த கருவி மட்டுமே நிற்கும். தங்கள் தொழிற்காற்று தாமிரத்தைத் தின்னும் என்பது இத்துறைக்கு நாற்பது ஆண்டுகளாகத் தெரியும். தங்கள் கருவிகளை அது வடிகட்டிய காற்றில் வைத்துக் காத்துக்கொள்கிறது. மதிலுக்கு வெளியே, வீட்டு ஜன்னலில் பத்தாண்டு தொங்கும் தாமிரக் காயிலுக்கு எந்தத் தரநிலையும் இல்லை.

இப்படிப்பட்ட காற்றில் பராமரிப்புத் தொழிலே திசைமாறிப் போகிறது. காயில் ஊசிமுனையளவு ஓட்டையாகிறது, வாயு கசிகிறது, குளிர் குறைகிறது, ‘கேஸ் போட்டுடலாம்’ என்று முடிகிறது. குளிரூட்டும் வாயு பெட்ரோலைப்போல் எரிந்து தீரும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. அது குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடிப் பிரேசிங் வைக்காமல் ஆண்டுதோறும் வாயு அடைப்பது, வாடிக்கையாளருக்கு நட்டம், வானத்துக்கும் நட்டம். பழைய விண்டோ ஏசிகளில் இருக்கும் ஆர்-22 ஓசோனைச் சிதைப்பது. 1987ஆம் ஆண்டு மான்ட்ரியால் உடன்படிக்கையின் வழியில் இந்தியா அதை 2030க்குள் கைவிட்டாக வேண்டும். இன்னொரு கெட்ட பழக்கம் ஆசிட் வாஷ். இறுகிய பூச்சு நொடியில் நுரைத்துக் கழன்று காயில் பளபளக்கும். அலுமினியம் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். அந்தப் பளபளப்பு தகட்டின் சதை. காற்றே அமிலமாக இருக்கும் ஊரில் நாமும் ஒரு குப்பி ஊற்றுவது வேதனையான காரியம். சரியான வேலை மெதுவானது: மின்சாரத்தைத் துண்டித்து பிளக்கை உருவி, பெட்டியை உறையிலிருந்து முழுதாக வெளியே இழுத்து, மோட்டாரையும் சுவிட்ச் பகுதியையும் பாலிதீனால் மூடி, அடித்தட்டுச் சேற்றை முதலில் வழித்தெடுத்து, மென்மையான பிரஷ்ஷால் தகடுகளின் வாக்கிலேயே தேய்த்து, நல்ல தண்ணீரை வெளிமுகத்திலிருந்து உள்முகத்துக்கு ஊற்றி அலசி, முழுதாக உலர்ந்த பிறகு மாட்டுவது. உவர்நீர் ஆழ்குழாய் உள்ள வீடுகளில் கடைசி அலசலுக்காவது மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ வேண்டும். இல்லாவிட்டால் உப்பைக் கழுவ உப்பையே ஊற்றியதாகும்.

காலமும் மாற வேண்டும். கோடைக்கு முன் ஒரு சர்வீஸ் என்ற வழக்கம் இங்கே போதாது. தை பிறந்து போகிப் புகை அடங்கியதும் ஒருமுறை, வாடைக்காற்று கொண்டுவந்த சாம்பலைக் கழுவ. ஜூன் கடைசியில் மறுமுறை, தெற்குக் காற்று விட்டுச்சென்றதைக் கழுவ. முன்ஃபில்டருக்குக் கையேடு சொல்லும் இரண்டு வாரம் சரிதான். அந்த வலை நூல்தூசியைப் பிடிக்குமே தவிர, நுண்துகளையோ வாயுவையோ பிடிக்காது என்பது மட்டும் மறக்கக் கூடாது. வெளிக்காற்றை உள்ளே விடும் சிறு திறப்பு பல விண்டோ ஏசிகளில் உண்டு. ஆலை வாடை வீசும் இரவில் அது மூடியிருக்கட்டும். காற்று தெளிந்த வேளையில் ஜன்னலையே திறந்துவிடலாம்.

வீட்டுக்காரரைப் பின்பக்கத்தில் கைவைக்கச் சொல்வது ஆபத்தில்லையா என்று கேட்பார்கள். ஆபத்துதான். ஒன்றரை டன் ஏசி ஒருவர் தனியாகத் தூக்கக்கூடிய எடை அல்ல. பிளக்கை உருவிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மாடி ஜன்னலில் பெட்டி நழுவினால் கீழே போகிறவர் உயிர் போகும். ஆகவே இழுப்பதும் திறப்பதும் மெக்கானிக்கின் வேலையாகவே இருக்கட்டும். மாற வேண்டியது வேலையைச் செய்கிற கை அல்ல, அதைக் கேட்கிற வாய். ‘சர்வீஸ்’ என்று பொதுவாகச் சொல்லி விடாமல், பெட்டியை வெளியே எடுத்துக் கழுவுங்கள், ஆசிட் வேண்டாம், அடித்தட்டைக் காட்டுங்கள் என்று கேட்கத் தெரிந்தால் பாதி வேலை ஒழுங்காகிவிடும். அதற்கு உரிய கூலியையும் தர வேண்டும். பத்து நிமிட ஹோஸ் பைப் வேலைக்கும் இரண்டு மணி நேர வேலைக்கும் ஒரே காசு கொடுத்துக்கொண்டு நல்ல வேலையை எதிர்பார்ப்பது நியாயமல்ல. விண்டோ ஏசியின் காலமே போய்விட்டதே, இப்போது எல்லாம் ஸ்பிலிட் தானே என்பது அடுத்த கேள்வி. ஸ்பிலிட்டில் பின்பக்கம் மறையவில்லை. மாடிச் சுவரில் கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏறிவிட்டது. அதன் காயிலும் அதே காற்றில்தான் நிற்கிறது. நீலப் பூச்சுத் தகடுகள் அலுமினியத்துக்குக் கொஞ்சம் காலம் வாங்கித் தருகின்றன. பூச்சு கீறிய இடத்தில் அரிப்பு தொடங்கிவிடும். கழற்றி மேஜையில் வைத்துக் கழுவ முடிகிற விண்டோ பெட்டி, இந்த ஊருக்கு உண்மையில் பொருத்தமான கருவி என்றே நினைக்கிறேன்.

மிகக் கனமான மறுப்பு வேறு. ஏசியே இந்தச் சுற்றின் ஒரு கண்ணி அல்லவா? அது இழுக்கும் மின்சாரத்துக்காக வடசென்னையில் நிலக்கரி எரிகிறது, சாம்பல் செப்பாக்கத்துக் குட்டையில் சேர்கிறது, அந்தச் சாம்பல் காயிலை அடைக்கிறது, அடைத்த காயில் இன்னும் மின்சாரம் இழுக்கிறது. உண்மை. கூடவே, ஏசி வைக்க வசதியில்லாத அண்டை வீட்டின் சன்னலுக்கு நேரே நம் வீட்டு வெப்பம் போய் விழுகிறது என்பதும் உண்மை. கண்டென்சரைக் கழுவுவது இந்தச் சுற்றில் வீட்டுக்காரர் கையிலுள்ள மிக மலிவான பிடி. புதிய ஐந்து நட்சத்திர ஏசி வாங்காமலேயே மின்சாரம் மிச்சமாகும், 24 டிகிரியில் வைத்தால் இன்னும் மிச்சமாகும். ஆனால் சுற்றை வீட்டுக்காரர் மட்டும் அறுக்க முடியாது. அனல்மின் நிலையங்கள் கந்தக டையாக்சைடைக் குறைக்க வேண்டும் என்று 2015இல் விதி வந்தது. அதற்கான கெடு மீண்டும் மீண்டும் தள்ளிப்போடப்பட்டது. தள்ளிப்போட்ட ஒவ்வோர் ஆண்டின் செலவும் யாருடைய கணக்கிலும் எழுதப்படாமல், சர்வீஸ் கூலியாக, வாயுச் செலவாக, காலத்துக்கு முன்பே காயலான் கடைக்குப் போன காயிலாக, புதுநகர் வீடுகளில் பிரிந்து விழுந்திருக்கிறது. மூச்சுக்குழலில் விழுந்தது இதைவிடப் பெரிய கணக்கு. அதை அளப்பது கடினம், மருத்துவர்களிடையே வாதத்துக்கு இடமுண்டு. தாமிரம் வாதம் செய்யாது.

ஆகவே அளந்துவிடலாம். மணலியில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் கண்காணிப்பு நிலையங்கள் காற்றிலுள்ள கந்தக டையாக்சைடையும் துகளையும் பதிவு செய்கின்றன. பல வாயுக்கள் சேர்ந்து உப்போடும் ஈரத்தோடும் கலந்து ஓர் உலோகத்தை என்ன செய்கின்றன என்பதை அந்த எண்கள் சொல்வதில்லை. கட்டுப்பாட்டு அறைக்கென்று எழுதிய அதே தாமிரத் தகட்டுச் சோதனையை வீட்டுக்கும் வைக்கலாம். புதுநகரில் ஒரு பள்ளி ஜன்னல், சடையங்குப்பத்தில் ஒன்று, எண்ணூரில் ஒன்று, ஒப்பிடுவதற்கு உப்பு மட்டும் உள்ள பெசன்ட் நகரில் ஒன்று: ஒவ்வொன்றிலும் 30 நாள் ஒரு தகடு, கோடையில் ஒருமுறை, வாடையில் ஒருமுறை. தகடு மலிவு, படலத்தை அளக்கக்கூடிய ஆய்வகங்கள் சென்னைப் பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. நான்கு ஜன்னல்களிலும் ஒரே அளவு வந்தால் இங்கே ஆலைகள்மேல் நான் வைத்த குற்றச்சாட்டு தளரும், உப்பைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ளலாம். பெசன்ட் நகரில் ஜி-1ம் புதுநகரில் ஜி-3யும் வந்தால், ஆலைகளுக்கு இயக்க இசைவாணை புதுப்பிக்கும்போது வாரியம் கேட்க வேண்டிய கேள்விகளில் மதிலுக்கு வெளியே உள்ள தாமிரமும் ஒன்றாக வேண்டும்; காயில் மாற்றும் செலவை யார் ஏற்பது என்ற பேச்சை அந்தக் கோப்பிலிருந்து தொடங்கலாம்.